கேமராவுக்கு நிற்காத விசுக்கி

ஒரு போட்டோ ஸ்டுடியோவின் முன்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அந்தத் தொட்டியில் விசுக்கி என்றொரு ஜீப்ரா மீன் வாழ்ந்து வந்தாள். வெள்ளி உடம்பு. அதில் தலையிலிருந்து வால்வரை நீலக் கோடுகள். இந்தக் கோடியில் இருப்பாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தக் கோடியில் இருப்பாள். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர்.

ஒரு நாள் காலை அவளுக்கு வாலோரம் அரித்தது.

கூழாங்கல்லில் உரசிப் பார்த்தாள். அரிப்பு போகவில்லை. நீர்ச்செடியின் தண்டில் உரசிப் பார்த்தாள். அப்போதும் போகவில்லை. தொட்டியின் பக்கக் கண்ணாடியில் தன் உருவம் தெரியும் இடத்துக்குப் போய், உடம்பை வளைத்துப் பார்த்தாள்.

வாலில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. உப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டது போல, சின்னதாக.

விசுக்கி பயந்து போனாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தத் தொட்டியில் முன்பு பொன்னன் என்றொரு கௌராமி மீன் இருந்தான். அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பெரிய கல்லுக்குப் பின்னால் உள்ள பொந்தில் போய்ச் சுருண்டு கிடந்தான். பிறகு ஒரு நாள் மேலிருந்து பச்சை வலை இறங்கியது. பொன்னனை வாரிக்கொண்டு போனது. போனவன் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து தொட்டி முழுக்க இதே பேச்சு: "உடம்புக்கு வந்தால் வலை வந்து தூக்கிவிடும்!"

"விசுக்கி! கண்ணாடியில் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் பொடிச்சி நின்றாள். அவளும் ஜீப்ரா மீன்தான். கடையிலிருந்து இருவரும் ஒரே பிளாஸ்டிக் பையில் வந்தவர்கள். பையின் வாய் கட்டப்பட்டபோதும் ஒன்றாகத்தான் பயந்தார்கள். பை அவிழ்க்கப்பட்டபோதும் ஒன்றாகத்தான் பாய்ந்தார்கள். விசுக்கி எங்கே போனாலும் பொடிச்சி ஒட்டிக்கொண்டு போவாள்.

"ஒன்றுமில்லை!" என்றாள் விசுக்கி. சொல்லிவிட்டு விர்ரென்று பாய்ந்தாள்.

பாயும்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. நின்றால்தானே புள்ளி தெரியும்? நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் யார் கண்ணில் படும்?

அன்றிலிருந்து விசுக்கி நிற்பதை விட்டுவிட்டாள்.

அவளுடைய கெட்ட நேரம், அதே சமயத்தில்தான் ஸ்டுடியோக்காரி ஜெசிந்தாவுக்கும் ஓர் ஆசை வந்தது. தொட்டியில் உள்ள மீன்களைப் படம் எடுக்க வேண்டும்!

கேமராவைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். லென்ஸ் கண்ணாடியை நெருங்கி வந்தது. உள்ளே இருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்புக் கண். இமை இல்லாத கண். அது விசுக்கியைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

கிளிக்!

"வால் மட்டும்தான் விழுந்துருக்கு!" என்றாள் ஜெசிந்தா.

கிளிக்! கிளிக்!

"இதுல வாலும் இல்ல. வெறும் தண்ணிதான் இருக்கு. ஏங்க, கல்யாண வீட்டுல ஊரையே வரிசையா நிக்க வச்சு எடுத்துருவேன். இந்த ஜீப்ரா ஒண்ண நிக்க வைக்க முடியலயே!"

உள்ளறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த அவள் கணவன் சேவியர் சிரித்தான். "பொண்ணு மாப்பிள்ளைகிட்ட 'கொஞ்சம் சிரிங்க'ன்னு சொல்லுவியே. அத இதுங்ககிட்டயும் சொல்லிப் பாரு."

ஜெசிந்தா விடுகிற ஆள் இல்லை. அறை விளக்குகளை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டாள். கண்ணாடியில் தன் நிழல் விழாமல் இருக்கக் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டாள். பளீர் பளீரென்று ஒளியை அடித்துப் பார்த்தாள். விசுக்கி ஒவ்வொரு முறையும் நழுவினாள்.

அந்தத் தொட்டியில் கேமராவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் ஒருவன்தான். அவன் பெயர் தோகையன். கப்பி மீன். அவன் உடம்பைவிட வால் பெரிது. ஆரஞ்சும் மஞ்சளுமாக விசிறி போல விரியும். லென்ஸ் எங்கே வருகிறதோ அங்கே போய் வாலை விரித்து நிற்பான்.

"இந்தப் பக்கம் போதுமா? அந்தப் பக்கமும் காட்டட்டுமா?" என்று கேட்பான். ஜெசிந்தாவுக்கு அது கேட்காது. ஆனாலும் கேட்பான்.

அவன் படம் முதல் தடவையிலேயே நன்றாக விழுந்துவிட்டது. ஜெசிந்தா கேமராவின் பின்பக்கம் உள்ள சின்னத் திரையைக் கணவனுக்குக் காட்டினாள். "பாருங்க! ஒவ்வொரு செதிலும் எண்ணலாம் போல இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இதுல தெரியுது!"

விசுக்கி இதைக் கேட்டாள். அவள் செவுள்கள் படபடத்தன. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியுமா? அப்படியானால் அந்தக் கறுப்புக் கண்ணிடம் ஒரு தடவை மாட்டினால் போதும். புள்ளி தெரிந்துவிடும். புள்ளி தெரிந்தால் வலைதான்!

சேவியர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஜீப்ராவும் இதே மாதிரி விழுந்தா பெரிசாப் போட்டு வாசல்ல மாட்டிரலாம் ஜெசி," என்றான்.

அன்று சாயங்காலம் விசுக்கி தன் வாலைப் பார்த்தாள். ஒன்றாக இருந்த புள்ளி நாலைந்தாகியிருந்தது. முதுகிலும் ஒன்று முளைத்திருந்தது.

தான் ஒருத்தி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஏது என்று எல்லோரும் கேட்பார்கள் என்று அவளுக்குப் பட்டது. ஏற்கெனவே பொடிச்சி கேட்க ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் சேர்ந்து ஓடினால்? அப்போது யாருக்கும் சந்தேகம் வராது அல்லவா?

நேரே எல்லோரும் கூடியிருந்த செடியடிக்குப் போனாள்.

"உங்களுக்கு விஷயம் தெரியுமா?" என்றாள். "அந்தக் கறுப்புக் கண் யாரைத் தெளிவாகப் பிடிக்கிறதோ அவர்களை வாசலில் மாட்டப் போகிறார்களாம்!"

"மாட்டுவதா?" என்று பொடிச்சி அலறினாள்.

"ஆமாம்! வாசலில்! தண்ணீர் இல்லாத இடத்தில்! அவர்கள் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன்!"

படத்தை மாட்டுவதாகத்தான் சேவியர் சொன்னான். விசுக்கிக்கும் அது தெரியும். படம் என்கிற சொல்லை மட்டும் அவள் விழுங்கிவிட்டாள்.

தோகையனின் வால் சட்டென்று சுருங்கியது. "என்னை... என்னைத்தான் தெளிவாகப் பிடித்துவிட்டதே!"

"ஒரு தடவைதானே? இனிமேல் நிற்காதே! ஓடு! யாருமே நிற்காதீர்கள்! கேமரா வந்தால் ஓடிக்கொண்டே இருங்கள்!"

முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டன் என்கிற சக்கர் மீன் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். பாசியை உறிஞ்சுவதுதான் அவனுக்கு முழுநேர வேலை. அவன் கண் மட்டும் உருண்டு விசுக்கியைப் பார்த்தது. பிறகு பாசிக்கே திரும்பியது.

மறுநாளிலிருந்து தொட்டியே கலங்கிப் போனது.

ஜெசிந்தா கேமராவை எடுத்ததுமே மீன்கள் தறிகெட்டு ஓடின. ஒன்றோடு ஒன்று முட்டின. கல்லில் இடித்துக்கொண்டன. தோகையன் பாடுதான் பெரும்பாடு. அவ்வளவு பெரிய வாலை வைத்துக்கொண்டு வேகமாக ஓட முடியுமா? நாலு தடவை ஓடினால் மூச்சு வாங்கும். நின்றால், "நிற்காதே! மாட்டிவிடுவார்கள்!" என்று விசுக்கி கத்துவாள். பாவம், மறுபடியும் ஓடுவான்.

யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தூவிய தீனி அடியில் போய்ப் படிந்தது.

"கேமராவப் பாத்து மிரளுதுங்க போல," என்றாள் ஜெசிந்தா. "கொஞ்சம் பழகட்டும்."

விசுக்கியின் உடம்பெல்லாம் அரித்தது. ஓடும்போதே கல்லில் ஒரு உரசு உரசிக்கொண்டு போவாள். அவள் எங்கே உரசினாளோ, எங்கே தூங்கினாளோ, அங்கெல்லாம் அந்த நோய் தண்ணீரில் உதிர்ந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் பொடிச்சி மெல்ல அவள் பக்கத்தில் வந்தாள். குரல் கம்மியிருந்தது.

"விசுக்கி, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்லட்டுமா? யாரிடமும் சொல்லிவிடாதே."

"சொல்."

பொடிச்சி பக்கவாட்டில் திரும்பிக் காட்டினாள். அவளுடைய நீலக் கோடுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

விசுக்கி சட்டென்று பின்வாங்கினாள்.

"பயமாக இருக்கிறது," என்றாள் பொடிச்சி. "எனக்கு மட்டும் ஏன் இப்படி வந்தது? உனக்கு இப்படி ஏதாவது வந்திருக்கிறதா?"

விசுக்கி தன் வாலைச் செடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இல்லை," என்றாள். "எனக்கு ஒன்றும் இல்லை."

பொடிச்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள். அதன் பிறகு அவள் விசுக்கிக்குப் பின்னால் வரவே இல்லை. தன் நோய் தோழிக்கு ஒட்டிவிடக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டாள். பெரிய கல்லுக்குப் பின்னால் உள்ள பொந்துக்குள் போய்ப் படுத்தாள். பொன்னன் படுத்திருந்த அதே பொந்து.

விசுக்கி ஓடினாள். முன்னைவிட வேகமாக ஓடினாள். ஆனால் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் யாரும் இல்லை. அந்த வெற்றிடம் அரிப்பைவிட மோசமாக இருந்தது.

ஜெசிந்தா புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தாள். போட்டோ ஃபிரேம் போட வைத்திருந்த கண்ணாடி ஒன்றைக் கழுவி எடுத்து வந்து, தொட்டிக்குள் மெல்ல இறக்கினாள். முன்பக்கத்தில் ஒரு குறுகிய சந்து உண்டாகிவிட்டது. விசுக்கி அந்தச் சந்துக்குள் மாட்டிக்கொண்டாள்!

முன்னால் போனால் லென்ஸ். பின்னால் போனால் கண்ணாடி. மூக்கு இடித்தது. இடப்பக்கம் பாய்ந்தாள், கறுப்புக் கண்ணும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் பாய்ந்தாள், அதுவும் வந்தது.

'தெரிந்துவிடும்! தெரிந்துவிடும்! வலை வந்துவிடும்!'

இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரு துள்ளு துள்ளினாள். தண்ணீருக்கு மேலே எழும்பி, கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி, அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தாள். கொஞ்சம் முன்பக்கமாகத் துள்ளியிருந்தால் தரைதான்.

"ஐயோ!" என்று ஜெசிந்தா கேமராவைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணாடியை வெளியே எடுத்தாள். "வேணாங்க. ஒரு படத்துக்காக இது துள்ளி வெளிய விழுந்து செத்துப் போச்சுன்னா பாவம் நமக்குத்தான். நாளைக்குக் கடைசியா ஒரு தடவ உக்காந்து பாக்குறேன். வந்தா வருது, வராட்டி விட்டுரலாம்."

நாளைக்குக் கடைசி! விசுக்கிக்கு உயிர் வந்தது. இன்னும் ஒரு நாள் ஓடினால் போதும். அதன் பிறகு அந்தக் கண் வராது. இந்தச் செய்தியைச் சொல்லத்தான் அவள் பெரிய கல்லுக்குப் பின்னால் போனாள்.

பொடிச்சி பொந்துக்குள் ஒருக்களித்துக் கிடந்தாள். துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். மேலெல்லாம் வெள்ளை.

"பொடிச்சி! எழுந்திரு! நாளையோடு கேமரா வராது! ஒரே ஒரு நாள் ஓடினால் போதும்!"

"முடியவில்லை, விசுக்கி."

"முடியாது என்று சொல்லாதே! இங்கேயே கிடந்தால் வலை வந்துவிடும்! பொன்னனைக் கொண்டு போனது நினைவில்லையா?"

அப்போது பொந்தின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "வலை வந்தபோது பொன்னன் உயிரோடு இல்லை."

ஒட்டன்! கண்ணாடியை விட்டுவிட்டு, கல்லின்மேல் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் வாயை எடுத்துப் பேசுவதே அபூர்வம்.

"என்ன சொல்கிறாய்?" என்றாள் விசுக்கி.

"நான்தான் இந்தப் பொந்துக்கு மேலே பாசி தின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா பொன்னனைக் காணோமே என்று டார்ச் அடித்து அடித்துத் தேடினாள். அவன் வெளிச்சம் படாமல் உள்ளே உள்ளே போனான். அப்படியே செத்துப் போனான். செத்த பிறகு மிதந்தான். மிதந்த பிறகுதான் வலை வந்தது."

விசுக்கி அவனை நோக்கி எழும்பினாள். "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"யார் கேட்டீர்கள்? எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள். ஒருவரும் கேட்கவில்லையே!"

"நீ சொல்வதை எப்படி நம்புவது? போன மாதம் வெளியே மழை கீழேயிருந்து மேலே பெய்கிறது என்று சொன்னவன்தானே நீ!"

"அது நான் தலைகீழாக ஒட்டியிருந்தபோது பார்த்தது," என்றான் ஒட்டன். அவ்வளவுதான். மறுபடி கல்லில் வாயை வைத்துக்கொண்டான்.

விசுக்கிக்கு அன்று தூக்கமே இல்லை. ஒட்டன் சொன்னது உண்மையாக இருந்தால்? பொன்னனைக் கொன்றது வலை இல்லை; ஒளிந்துகொண்டதுதான். பொய்யாக இருந்தால்? தானே போய் வலைக்குள் தலையைக் கொடுத்தது போல ஆகும். யாரிடம் கேட்பது? தோகையனிடம் போனாள். அவன் செடிக்கு அடியில் கிடந்தான். ஆரஞ்சு வால் ஓரமெல்லாம் நைந்திருந்தது. அதில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் அந்தப் பளபளப்பான நிறத்தோடு நிறமாகக் கலந்திருந்ததால் இதுவரை அவள் கவனிக்கவில்லை.

"விசுக்கி," என்றான் தோகையன் மூச்சு வாங்க. "இன்றைக்கு நான் நன்றாக ஓடினேனா? என்னை மாட்டிவிட மாட்டார்களே?"

விசுக்கி மெல்லப் பெரிய கல்லின் பக்கம் திரும்பினாள்.

பொழுது விடிந்தது. ஜெசிந்தா வந்தாள். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டியின் நடுவில் ஓரிடத்தைக் குறிவைத்து லென்ஸைத் திருகிவிட்டுக் காத்திருந்தாள். இன்றைக்குத் துரத்தவில்லை. எது வருகிறதோ வரட்டும் என்று சும்மா இருந்தாள்.

விசுக்கி கல்லுக்குப் பின்னால் இருந்தாள். பொந்துக்குள் பார்த்தாள். பொடிச்சியின் செவுள்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"பொடிச்சி," என்றாள். "அன்றைக்கு நீ கேட்டாயே. எனக்கும் இருக்கிறது. உனக்கு வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது."

பொடிச்சி கண்ணை மட்டும் திருப்பினாள்.

"மாட்டுவார்கள் என்று நான் சொன்னதும் பொய். படத்தைத்தான் மாட்டுவதாகச் சொன்னார்கள்."

பதிலுக்குக் காத்திருக்க அவளுக்குத் தைரியம் இல்லை. சட்டென்று திரும்பினாள். கல்லைத் தாண்டினாள். செடியைத் தாண்டினாள். நேரே கறுப்புக் கண்ணுக்கு முன்னால் வந்தாள்.

நின்றாள்.

ஜீப்ரா மீனுக்கு நிற்பது என்பது லேசான காரியம் இல்லை. பிறந்ததிலிருந்து ஓடிய உடம்பு அது. ஒவ்வொரு துடுப்பும் 'ஓடு, ஓடு' என்று துடித்தது. லென்ஸுக்குள் தன் உருவம் சின்னதாகத் தெரிந்தது. எத்தனை புள்ளிகள்! அவளே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில்லை. ஓடிவிடலாம் என்று வால் ஒரு முறை திரும்பியது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பக்கவாட்டில் திரும்பி, புள்ளிகள் எங்கே அதிகமோ அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

கிளிக்!

பளீரென்று வெளிச்சம். கண் இருண்டது. அப்போதும் நின்றாள்.

"விழுந்துருச்சு!" என்று ஜெசிந்தா துணியை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏங்க! நின்னுச்சுங்க! எனக்காகவே வந்து நின்னுச்சு!"

சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது.

"என்ன ஜெசி? நல்லா வரலயா?"

"இங்க வாங்க. இது மேல உப்புத் தூவின மாதிரி இருக்கு பாருங்க."

"லென்ஸ்ல தூசியா இருக்கும்."

"தூசி இல்லங்க. வால்ல பாருங்க, முதுகுல பாருங்க. அன்னைக்கு எடுத்த கப்பி படத்த எடுங்க... ஐயோ, இதுலயும் இருக்கே! நான் நிறத்தையே பாத்துட்டு இதப் பாக்காம விட்டுட்டேனே!"

அவள் போனை எடுத்து மீன் கடைக்காரரிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று விசுக்கிக்குக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அவசரமான காலடிச் சத்தமும், மேஜை இழுபட்ட சத்தமும்தான். பிறகு தொட்டியின் மூடி திறந்தது.

பச்சை வலை இறங்கியது!

மீன்கள் சிதறி ஓடின. விசுக்கியின் உடம்பு தானாகவே பாயத் தயாரானது. ஒட்டன் பொய் சொல்லிவிட்டானா? வலை அவளைத் தேடி வரவில்லை. அவள் தலைக்கு மேலாகப் போனது. காணாமல் போன இன்னொரு ஜீப்ராவைத் தேடிக் கல்லை நகர்த்திய கை பொந்தைத் திறந்தது. வலை பொடிச்சியை அள்ளியது.

"வேண்டாம்! என்னை எடுத்துக்கொள்! அவளை விட்டுவிடு!" என்று விசுக்கி கண்ணாடியில் முட்டினாள். யாருக்கு அது கேட்கும்? வலை தண்ணீரைச் சொட்டிக்கொண்டு மேலே போய்விட்டது.

நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். நானே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு ஒட்டன் கண்ணாடியிலிருந்து வாயை எடுத்து, "அங்கே பார்," என்றான்.

தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதில் நீல நிறத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் பொடிச்சி! காற்றுக் குமிழிகள் அவளைச் சுற்றி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தன.

ஜெசிந்தா தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினாள். மருந்தை ஊற்றினாள். இங்கேயும் தண்ணீர் நீலமானது. ஹீட்டர் ஒன்றை மாட்டினாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதகதப்பானது. கேமராவை அவள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். வந்து வந்து தொட்டியைப் பார்ப்பதும், ஜாடியைப் பார்ப்பதுமாகவே இருந்தாள்.

"பாசியே ருசியில்லாமல் போய்விட்டது!" என்று ஒட்டன் முணுமுணுத்தான்.

அந்த நாட்களில் விசுக்கி பக்கக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு அப்பால் பொடிச்சி தெரிவாள். சில சமயம் அசைவாள். சில சமயம் அசையமாட்டாள். அசையாத நேரங்களில் விசுக்கிக்கு உயிர் போய்ப் போய் வரும்.

புள்ளிகள் மெல்ல உதிர்ந்தன. விசுக்கிக்கு அரிப்பு நின்றது. மற்ற மீன்களும் தீனிக்கு மேலே வர ஆரம்பித்தன. ஆனால் தோகையன் வரவில்லை. ஓடி ஓடி அவனிடம் மிச்சம் எதுவும் இல்லாமல் போயிருந்தது. மருந்து வந்தபோது நேரம் கடந்திருந்தது. ஒரு காலை அவன் செடியின் அடியிலிருந்து மேலே மிதந்தான். விரித்த வால் மட்டும் தண்ணீரில் அழகாக அசைந்தது. பச்சை வலை வந்து அவனை மெல்ல எடுத்துக்கொண்டு போனது.

"நான் முன்னாடியே பாத்துருக்கணும்," என்றாள் ஜெசிந்தா. அவள் கண் கலங்கியிருந்தது.

சில நாள் கழித்து ஜாடியைத் தூக்கி வந்து தொட்டிக்குள் மெல்லச் சரித்தாள். பொடிச்சி நழுவி உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் கோடுகள் சுத்தமாக, நீலமாக இருந்தன. வந்தவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். விசுக்கிக்குப் பின்னால் வந்து நின்றாள். முன்பு நின்ற அதே இடத்தில்.

விசுக்கிக்கு அழவேண்டும் போல இருந்தது.

"எல்லோரும் இருக்கிறார்களே!" என்று பொடிச்சி மகிழ்ச்சியோடு சுற்றிப் பார்த்தாள். பிறகு, "தோகையன் எங்கே?" என்று கேட்டாள்.

ஓடிவிடலாம் என்று விசுக்கியின் வால் துடித்தது. அவள் ஓடவில்லை. பொடிச்சியின் பக்கம் முழுதாகத் திரும்பினாள். மற்ற மீன்களும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"அவன் இல்லை. எனக்கு முதல் புள்ளி வந்த அன்றைக்கே நான் நின்றிருந்தால், அவன் இருந்திருப்பான்."

பொடிச்சி அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. கொஞ்சம் நெருங்கி வந்து, பக்கத்தில் நின்றாள். இரண்டு ஜீப்ரா மீன்களும் அப்படியே அசையாமல் வெகு நேரம் நின்றன.

தனக்கு வந்த நோயைப் பயந்து மறைக்கிறவர், அதைத் தன்னோடு வாழ்கிறவர்களுக்கும் சேர்த்தே வளர்க்கிறார்.